கடைசி வரிசைப் பிள்ளை

முப்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஐந்து பேரை ஊருக்கே தெரியும். குறும்பு செய்யும் இரண்டு பேரையும் தெரியும். இந்த இரு வகையிலும் சேராமல், கேட்டால் பதில் சொல்லாமல், ஏசினால் அழாமல், வந்ததும் போனதும் தெரியாமல் இருக்கிற பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் உண்டு. ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போது அதற்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும். ஆறில் சேர்ந்து, ஏழிலோ எட்டிலோ நின்று, பிறகு ஒரு பட்டறையிலோ கடையிலோ நாம் அதைப் பார்ப்போம். “படிப்பு ஏறவில்லை, நஸீபு அவ்வளவுதான்” என்று வீட்டார் சொல்லி முடித்து விடுவார்கள்.

நஸீபின் மீது பழி போடுவதற்கு முன் நம் கையில் இருப்பதைச் செய்தோமா என்று கேட்டுக் கொள்ள வேண்டாமா? தொடக்கப் பள்ளியிலேயே இத்தகைய பிள்ளையை அடையாளம் காண்பது எப்படி, கண்டபின் வீடும் ஜமாஅத்தும் செய்யத்தக்கது என்ன என்பதே இம்மாதப் பாடம்.

பழனி மலையின் மேல், கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோ மீட்டரில் பூம்பாறை இருக்கிறது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். மலைச் சரிவைப் படிப்படியாக வெட்டி அதில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறார்கள். அந்த மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறையைத் தாண்டினால் மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை என்று ஊர்கள் தொடர்கின்றன. வியாபார விஷயமாக இந்தப் பக்கம் போய்வருகிற நம் சகோதரர்கள் பலர் உண்டு. பூண்டு மூட்டை வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த மூட்டைக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூட நாட்கள் இருக்கலாம் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

இந்த மலையூர்களை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பிள்ளை பின்தங்குகிற விதம் மலையில் வெளிப்படையாகத் தெரிகிறது. அறுவடை வந்துவிட்டால் தாயும் தகப்பனும் விடிவதற்குள் காட்டுக்குப் போய் விடுகிறார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக் கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்கிறாள். ஒரு வாரம் வருகிறாள், மூன்று நாள் வரவில்லை. மழை பிடித்துக் கொண்டால் இன்னும் இரண்டு நாள். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் சளியும் இருமலும் சேர்ந்து கொள்கின்றன. அவள் பள்ளியை விட்டு நின்று விடவில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறது, மாதத்தில் பாதிக்கு மேல் வரவும் செய்கிறாள். ஆகையால் யாரும் திடுக்கிடுவதில்லை. சமவெளியில் கடைத்தெருவிலும், பீடி சுற்றும் வீடுகளிலும், தறி ஓடும் தெருக்களிலும் நடப்பதும் இதுதான். அங்கே கூட்டத்தில் மறைந்து விடுகிறது, அவ்வளவே வேற்றுமை.

பிள்ளை பெற்றோருக்கு உதவுவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கூலிக்கு வைப்பதைத் தடுத்துவிட்டு, பள்ளி நேரத்துக்குப் பின்பும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத்துத் தொழிலில் ஆபத்தில்லாத உதவி செய்வதை அனுமதித்திருக்கிறது. பள்ளி நேரத்தை எடுத்துக் கொள்வதுதான் கூடாது.

முதல் அடையாளம்: வராத நாட்கள்

கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் குறைந்தது 200 நாள் பள்ளி நடக்க வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 நாள், ஒரு பிள்ளை வராமல் போனால் அது கவனிக்கப்பட வேண்டிய பிள்ளை என்பது இன்று பல நாடுகளிலும் ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவு. 20 நாள் என்றால் பெரிதாகத் தோன்றுகிறது. பத்து மாதத்துக்குப் பங்கிட்டுப் பாருங்கள், மாதத்துக்கு இரண்டே நாள்! நம் வீடுகளில் ஒரு கல்யாணம், ஒரு கந்தூரி, ஒரு காய்ச்சல், பெரியம்மா வீட்டுப் பயணம் என்று மாதம் இரண்டு நாள் எவ்வளவு எளிதாகப் போகிறது!

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ராபர்ட் பால்ஃபான்ஸ் என்பவர் அதில் முதன்மையானவர். நூற்றுக்கு எண்பது நாளுக்குக் குறைவாக வருவது, கணக்கில் தவறுவது, மொழிப் பாடத்தில் தவறுவது, நடத்தைக்கு மோசமான குறிப்பு வாங்குவது ஆகிய இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அப்பிள்ளை உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடிப்பது அரிது என்று கண்டார்கள். இவையெல்லாம் ஆசிரியரின் பதிவேட்டில் ஏற்கனவே இருக்கிற செய்திகள். புதிதாக ஒரு கருவியும் வாங்க வேண்டியதில்லை. பதிவேட்டைத் திறந்து பார்க்க ஒருவர் வேண்டும், அதுதான் குறை.

அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டம் வகுத்த குறைந்த அளவு. பிள்ளைகள் குறைவான மலைப்பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்க நேரிடுகிறது. அவர்களைக் குறை சொல்லிக் கொண்டிருப்பதில் பயனில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. அந்தக் கூட்டத்துக்கு நம் தாய்மார்கள் போகிறார்களா? போனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: “சென்ற மாதம் இரண்டு நாளுக்கு மேல் வராத பிள்ளைகள் யார் யார்?” பெயர் தெரிந்துவிட்டால் யார் வீட்டுப் பிள்ளை, என்ன காரணம் என்பது தெருவுக்குத் தெரியும். ஆசிரியருக்குத் தெரியாத காரணம் அண்டை வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது: வாசிப்பு

1988-இல் கானி ஜூயல் என்ற ஆய்வாளர் டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை பார்த்து ஓர் உண்மையைச் சொன்னார். முதல் வகுப்பின் முடிவில் வாசிக்கத் திணறிய பிள்ளை நான்காம் வகுப்பின் முடிவிலும் திணறும் வாய்ப்பு நூற்றுக்கு 88. “வளர வளரத் தானே வந்துவிடும்” என்று நாம் சொல்கிற சமாதானம் பெரும்பாலும் பொய்த்துப் போகிறது. வாசிக்க வராத பிள்ளை வாசிப்பதை விட்டு ஒதுங்குகிறது, ஒதுங்குவதால் இன்னும் வராமல் போகிறது. மூன்றாம் வகுப்புக்கு மேல் வரலாறு, அறிவியல், கணக்கு எல்லாமே வாசித்துத்தான் விளங்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளை அங்கே எல்லாப் பாடத்திலும் ஒரே சமயத்தில் விழுகிறது.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் விளைவு நாம் அறிந்ததே. 2022-இல் ‘அசர்’ என்னும் ஆய்வினர் கிராமப்புற வீடுகளுக்குச் சென்று பார்த்தபோது, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. இதற்காகவே 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’யும், 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அரசால் தொடங்கப்பட்டன. திட்டங்கள் வரும், போகும். உங்கள் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்பதை நீங்களே அறிந்து கொள்ளலாம். கீழ் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஏற்கனவே மனப்பாடம் ஆகாத ஒரு பக்கத்தைத் திறந்து நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டையும் பழகிய கதையையும் கொடுக்க வேண்டாம். அவற்றைப் பிள்ளை வாசிக்காது, ஒப்பிக்கும். படம் பார்த்துச் சொல்கிறதா, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறதா, கொம்பையும் காலையும் விட்டுவிட்டுப் போகிறதா என்று கவனியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட, தயக்கமில்லாமல் வாசிக்கிறதா இல்லையா என்பதைக் காதால் கண்டுகொள்வாள்.

மக்தபில் தெரியும் குறிகள்

பள்ளிக்கூட ஆசிரியருக்கு முன்பே நம் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள் மக்தப் உஸ்தாதுமார்கள். அதுவும் ஒவ்வொரு பிள்ளையாக அருகில் உட்கார வைத்துப் பாடம் கேட்கிறார்கள். இந்த வசதி பள்ளி ஆசிரியருக்கு இல்லை. ஆகவே சில குறிகளை இங்கே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

பா, தா, ஸா ஆகிய மூன்று எழுத்தும் ஒரே வடிவம், புள்ளியில்தான் வேறுபாடு. ஜீம், ஹா, கா மூன்றும் அப்படியே. இந்தப் புள்ளிகளைத் தொடர்ந்து தவறவிடும் பிள்ளையை முதலில் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். கிதாபை மூக்கோடு ஒட்டிப் பிடிப்பதும், தலையைச் சாய்த்துப் பார்ப்பதும், அடிக்கடி கண்ணைக் கசக்குவதும், ஓதியபின் தலைவலி என்பதும் இதனோடு சேர்ந்த குறிகள். வீட்டிலும் சோதிக்கலாம். பத்தடி தூரத்தில் நிறுத்தி, ஒரு கண்ணைப் பொத்திக் கொண்டு சுவர்க் காலண்டரின் எழுத்துக்களை வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு மற்றக் கண்ணை. ஒரு கண் மட்டும் மங்கலாக இருக்கிற பிள்ளைக்கு அது மங்கல் என்றே தெரியாது. இரண்டையும் திறந்து சோதித்தால் நமக்கும் தெரியாது.

கண் நன்றாக இருந்தும் எழுத்து நிற்காத பிள்ளைகள் உண்டு. உஸ்தாது சொல்லிக் கொடுத்தால் காதால் வாங்கி ஜுஸ்உ அம்மாவில் பாதியை அழகாக மனப்பாடமாக ஓதும். அதே ஸூராவைத் திறந்து விரல் வைத்து ஓதச் சொன்னால் விரல் ஓரிடத்தில், ஓதுவது ஓரிடத்தில் இருக்கும். இத்தகைய பிள்ளையை மடையன் என்பது பெரும் அநியாயம். அவ்வளவு நினைவாற்றல் உள்ள பிள்ளை எப்படி மடையனாகும்? எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மட்டும் தடை இருக்கலாம். கற்றல் குறைபாடு என்று இதற்குப் பெயர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக் கொண்ட 21 வகைகளில் இதுவும் ஒன்று. இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பது நம் வேலையல்ல. குறியைக் கண்டால் பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநருக்குத் தெரிவிக்கக் கேட்பதுதான் நம் வேலை.

இனி, காது. குளிர் மலையில் இது மிக முக்கியம். ஓயாத சளி காதில் இறங்கிச் சீழ் வைக்கிறது. வலி நின்றதும் வீட்டார் மறந்து விடுகிறார்கள், கேள்வித் திறன் குறைந்தது தெரிவதில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு மக்தபில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இரண்டு வருடமாக ஒரே பாடத்தில் நின்றான். “ஹஜரத், இவன் ஒண்ணுக்கும் ஆக மாட்டான். அவன் மாமா கடையிலே விட்டுடலாம்னு இருக்கோம்” என்று தாயார் வந்து சொல்லி விட்டார். அன்று பையனுக்குத் தண்ணீர் கொடுத்த உஸ்தாதின் வீட்டார்தான் ஒன்றைக் கவனித்தார்கள். எந்தப் பக்கம் கூப்பிட்டாலும் அவன் வலது பக்கத்தையே திருப்பினான். “அக்கா, இவன் தலகாணியைப் பாத்தீங்களா? காதுல வடியுதா?” என்று கேட்டார்கள். வடிந்து கொண்டுதான் இருந்தது. குளிருக்கு எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதானே என்று தாயார் விட்டிருந்தார். மருத்துவம் பார்த்து, முன்வரிசையில் உஸ்தாதுக்கு வலக்காதைக் காட்டி உட்கார வைத்தபின் அவன் எழுத்துக் கூட்டினான். இப்பொழுது வாசிக்கிறான், மெதுவாகத்தான். போன இரண்டு வருடம் போனதுதான். கடைக்கு மட்டும் போகவில்லை.

காதைச் சோதிக்க, பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு காதை அடைத்துக் கொள்ளச் சொல்லி, மெல்லிய குரலில் இரண்டு மூன்று எண்களைச் சொல்லித் திரும்பச் சொல்லக் கேளுங்கள். பிறகு மறு காது. சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அரசுப் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் உங்கள் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளை அதிகம் வராமல் நிற்கிறதோ அந்தப் பிள்ளைதான் அந்த நாளையும் தவற விடுகிறது!

அடியைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனம் நோக வைப்பதையும் தடுக்கிறது. 2012-இல் செய்த திருத்தப்படி மார்க்கக் கல்வி தரும் மதரஸாக்கள் அச்சட்டத்தின் வரம்பில் இல்லை. அதனால் நமக்கு அனுமதி கிடைத்து விட்டதாக யாரும் எண்ண வேண்டாம். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவில், கடுமைக்கு ஆளாகும் பிள்ளை பொய்யையும் ஏமாற்றையும் கற்றுக் கொள்கிறது, ஊக்கத்தை இழக்கிறது என்று எழுதி வைத்தார்கள். காது கேளாத பிள்ளையை அடித்தால் காது கேட்குமா?

அபஸ ஸூராவை நாம் ஓதுகிறோம். குறைஷித் தலைவர்களோடு பேச்சு நடக்கும் வேளையில் கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவைத் தேடி வந்ததையும், அவர்கள் பொருட்டு இறைவசனம் இறங்கியதையும் பயான்களில் சொல்கிறோம். பின்னாளில் அவர்களை நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் தம் பிரதிநிதியாகவே பலமுறை விட்டுச் சென்றார்கள். கேட்டு வந்தவருக்கே இந்த முக்கியத்துவம் என்றால், கேட்கத் தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

வீட்டில் இருந்து வரும் குறிகள்

நேற்றுவரை கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தினால், படுக்கையை நனைக்கத் தொடங்கினால், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு ஒதுங்கினால், ஓரிடத்துக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தால், அதைப் பிடிவாதம் என்று தள்ளாமல் தனியே அமர்த்தி நிதானமாகக் கேளுங்கள். வீட்டுச் சண்டையாக இருக்கலாம். குடியாக இருக்கலாம். வாயால் சொல்லக் கூசும் கொடுமையாகவும் இருக்கலாம். உறவினரோ, ஆசிரியரோ, மதரஸாவில் உள்ளவரோ, யாராயினும் குடும்ப மானம், ஜமாஅத்தின் மானம் என்று மூடி வைப்பது ஹராமான காரியத்துக்குத் துணை போவதாகும். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம். 1098 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம்.

தகப்பனை இழந்த பிள்ளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மய்யித்தை அடக்கி நாற்பது நாள் வரை ஊரே அந்த வீட்டில் இருக்கிறது. அதன் பிறகுதான் அந்தப் பிள்ளைக்குக் கஷ்டமே தொடங்குகிறது, அப்போது யாரும் இருப்பதில்லை. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் தகப்பனை இழந்த ஏழைப் பிள்ளை. மக்காவில் ஓத வைக்கக் கொடுக்கத் தாயிடம் காசில்லை. ஆசிரியர் எழுந்து போகும் சமயங்களில் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதையே கூலியாக ஏற்றுக் கொண்டு அந்த ஆசிரியர் அவரை உட்கார வைத்தார். தாள் வாங்க வழியில்லாமல் எலும்புகளில் எழுதிப் படித்தார்கள். அந்தப் பெயர் தெரியாத ஆசிரியர் காசில்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருந்தால்?

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையார் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடி, குடும்பப் பிளவு என்று பல தொல்லைகள் ஒன்றுசேர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லவர்களாக, தன் காலில் நிற்கக் கூடியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்கு வாய்த்தவற்றுள் முக்கியமான ஒன்று, பெற்றோரோ, பாட்டியோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, தன்னை விடாமல் கவனித்த ஒரு பெரியவர். எல்லாரும் வேண்டியதில்லை, ஒருவர் போதும். மஹல்லாவில் ஒவ்வொரு எத்தீமுக்கும் ஒருவர் என்று பெயர் குறித்துப் பொறுப்புக் கொடுத்தால், வாரம் ஒருமுறை நோட்டை வாங்கிப் பார்த்தால், அது ஓர் ஆண்டு விழாவில் பை கொடுத்துப் படம் எடுப்பதைவிட மேலானது.

உதவித் தொகைகளையும் விட்டுவிட வேண்டாம். பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டம் 2025 செப்டம்பரில் தமிழக அரசால் தொடங்கப்பட்டது. விவரத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம்.

ஜகாத் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எத்தீம் என்பதற்காக மட்டும் ஜகாத் ஆகாது, ஏழையாக இருக்க வேண்டும். ஹனபி மத்ஹபில், தகப்பன் செல்வராக இருந்தால் சிறு பிள்ளையும் செல்வர் கணக்கில் சேரும், தாயின் செல்வத்தால் அப்படிச் சேராது. ஏழைப் பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடியோ காதுக் கருவியோ வாங்கி, அதற்கே சொந்தமாகும்படி பொறுப்பாளர் கையில் கொடுத்தால் ஜகாத் நிறைவேறும். மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியருக்குச் சம்பளமாகக் கொடுத்தால் நிறைவேறாது, அதற்கு ஸதகாப் பணத்தை எடுங்கள். ஸதகாவில் இன்னொரு வசதியும் உண்டு. அடுத்த வீட்டு மாற்று மதச் சகோதரரின் பிள்ளைக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகிறவரின் பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பது, அந்த மலையில் வியாபாரம் செய்து வாழ்கிறவர்களுக்கு மிகப் பொருத்தமான தர்மம்.

முடிக்குமுன், மக்தப் நடத்தும் உஸ்தாதுமார்களுக்கும் முத்தவல்லிமார்களுக்கும் ஒரு விண்ணப்பம். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் மலைப்பகுதிகள் உட்பட 1,545 பள்ளிகள், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகள் என்று விரிந்தது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, சூடாகக் கிடைக்கிறது. அது பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே பரிமாறி முடிந்து விடுகிறது. நம் பிள்ளைகளோ சுப்ஹுக்குப் பின் மக்தபுக்கு வந்து, எட்டரை வரை ஓதி, வீட்டுக்கு ஓடிப் பையை எடுத்துக் கொண்டு கடைசி மணிக்குப் போய்ச் சேருகிறார்கள். பெற்றோர் காட்டிலோ கடையிலோ இருக்கிற வீட்டில் அடுப்பும் எரிந்திருக்காது. மதியம் வரை அந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்கிறது. பதினோரு மணிக்கு அது தூங்கி விழுந்தால் ஆசிரியர் மந்தம் என்று குறித்துக் கொள்கிறார். உங்கள் ஊர்ப் பள்ளியில் காலை உணவு எத்தனை மணிக்கு என்று விசாரித்து, மக்தபை அதற்கு அரை மணி நேரம் முன்னதாக முடியுங்கள். உறைபனி விழும் மாதங்களில் மலையூர்களில் காலை வகுப்பை மக்ரிபுக்குப் பின் மாற்றிக் கொள்வதிலும் மார்க்கத்தில் யாதொரு தடையுமில்லை.